அவசரப்படாத ஆலயம்

(மட்டக்களப்பில் குருக்கள், போதகர்கள், துறவியர், ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மட்டக்களப்பில் நின்று மனவடுவைப் பற்றிப் பேச வருகிறவருக்கு எந்த நாளிலிருந்து தொடங்குவது என்பதே முதல் சிக்கல். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, இந்த நகரத்தின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகள் அதில் மாண்டார்கள். அதே காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. எல்லாமாக 250க்கும் மேற்பட்ட உயிர்கள். அதற்கு முன்னே 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள். அதுவும் ஒரு ஞாயிறு. கடல் ஊருக்குள் வந்தது. அதற்கும் முன்னே போர். போருக்குள் 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயம், 1999 நவம்பரில் மடு. அந்த இரண்டு இடங்களிலும் செத்தவர்கள் ஆலயத்தை நம்பி ஓடிவந்து தஞ்சம் புகுந்த சனங்கள்.

இதை ஏன் வரிசையாகச் சொல்கிறேன்? மனவடுப்பட்டவர்களுக்குத் திருச்சபை எப்படி உதவலாம் என்று வெளிநாட்டில் எழுதப்படும் பல புத்தகங்களில் திருச்சபை சுகமாக இருக்கிறது. காயப்பட்டவர் வெளியே இருந்து அதன் வாசலுக்கு வருகிறார். நம்முடைய நிலைமை வேறு. இங்கே ஆலயமே அடிபட்டது. போதகரும் பிள்ளையைத் தேடியவர், உபதேசியாரும் பதுங்குகுழிக்குள் கிடந்தவர், பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிற அக்காவும் அகதி முகாமில் பிள்ளை பெற்றவர். காயப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்குவது என்பதுதான் நம் முன்னால் இருக்கிற கேள்வி.

நான் சொல்ல வந்தது ஒரு விஷயம். அரசாங்கத்திடமும் இல்லாத, தொண்டு நிறுவனங்களிடமும் இல்லாத ஒரு செல்வம் திருச்சபையிடம் இருக்கிறது. அது காலம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்துக்கு எத்தனை நிறுவனங்கள் வந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கும். நல்ல மனதோடு வந்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு முடிவுத் திகதி இருந்தது. அது வந்ததும் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆலய மணி அடுத்த ஞாயிறும் அடித்தது. இன்றைக்கும் அடிக்கிறது. ஒரு மனிதரின் துயரத்தோடு இருபது வருடம் கூட நடக்கக்கூடிய அமைப்பு இந்த ஊரில் வேறு எது?

அப்படி இருந்தும், துக்கப்பட்டவரை அதிகம் அவசரப்படுத்துகிறவர்கள் நாம்தான். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தால் அழுகை குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சில மாதம் கழிந்தால் உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்குள் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் ஒருவர் நித்திரையில்லாமல் தவித்தால், அவருக்கு விசுவாசம் போதாது என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம்.

மனவடு என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்ற பெயரில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1980இல்தான். நம் நாட்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ‘மனவடு’ என்ற பெயரில் தமிழிலேயே ஒரு நூல் எழுதினார். நடந்த சம்பவம் முடிந்துவிட்டது என்பதை உடம்பு நம்ப மறுப்பதுதான் இந்த நோயின் மையம். அதனால்தான் நம் சனங்கள் மனவலியை உடம்பு வலியாகவே சொல்வார்கள்: தலையிடி, நெஞ்சு நோ, கை கால் எரிவு, பெருமூச்சு, நித்திரை வராமை. தலையிடிக்கு ஜெபிக்கச் சொல்லிக் கேட்டு வருகிறவரிடம், “எப்ப இருந்து இந்தத் தலையிடி அம்மா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், பல வேளைகளில் ஒரு திகதி வெளியே வரும்.

இந்தக் கரையோரத்தில் ஓர் ஆலயம். ஆராதனைக்கு வருகிற ஒரு பையன் எப்போதும் கடைசி வாங்கில், கதவோரத்தில்தான் இருப்பான். எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள், அவன் கழற்ற மாட்டான். கண்டித்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஒரு நாள் ஞாயிறு பாடசாலை ரீச்சர் அவன் பக்கத்தில் போய் இருந்து மெதுவாகக் கேட்டார். “செருப்பு இல்லாட்டி ஓடேலாது ரீச்சர்” என்றான். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு தானும் செருப்போடு அவன் பக்கத்தில் வந்து இருந்தார். அந்த வாங்கு அவனுடைய இடம், அவன் எந்த நேரமும் எழுந்து போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லி வைத்தார். உளவளத்துணைப் பயிற்சி எதுவும் பெறாதவர் அவர். அவர் செய்ததைவிட நல்ல தொடக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஜூடித் ஹேர்மன் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1992இல் எழுதிய நூலில், மனவடுவிலிருந்து மீள்வதற்கு மூன்று கட்டங்கள் உண்டு என்றார். முதலாவது பாதுகாப்பு. நடந்ததை நினைத்து அழுவது அதற்குப் பிறகு. திரும்பவும் உலகத்தோடு சேர்ந்துகொள்வது கடைசி. நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறோம். பாதுகாப்பு உணர்வு வருவதற்கு முன்பே கதையைக் கேட்கிறோம், அழுது முடிப்பதற்கு முன்பே மேடையில் ஏற்றுகிறோம். சுனாமி நேரத்தில் இது பெரிய அளவில் நடந்தது. நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைத்துவிட்டு அனுப்பிவிட்டால் மனம் தேறிவிடும் என்ற முறை அப்போது பல நாடுகளில் வழக்கத்தில் இருந்தது. அந்த முறை மனவடுவைத் தடுக்காது, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனமும் அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்கிறது. அந்த நிறுவனமும் வேர்ல்ட் விஷனும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலில் சாரம் மிக எளிமையானது: நிலைமையைப் பாருங்கள், சொன்னால் கேளுங்கள், தேவையான உதவியோடு இணைத்துவிடுங்கள். கதையைத் தோண்டி எடுக்கச் சொல்லவில்லை.

வேதாகமத்தில் எலியா சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்திருந்தபோது, தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பாடும் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தான். தூதன் இரண்டாம் தரமும் சாப்பாடு வைத்தான். கடவுளின் சத்தம் எலியாவுக்குக் கேட்டது நாற்பது நாள் நடந்த பிறகு.

நம்மிடம் இருந்து நாம் மறந்துபோன இன்னொன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது புலம்பல். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். 88ஆம் சங்கீதத்தில் ஆறுதலாக ஒரு முடிவும் கிடையாது. பாடியவர் குறை சொல்லிக்கொண்டே தொடங்கி, குறை சொல்லிக்கொண்டே முடிக்கிறார். அதையும் வேதத்துக்குள் சேர்த்து வைத்தவர்கள் நம் முன்னோர். நம் ஞாயிறு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், கடவுளிடம் “ஏன்” என்று கேட்கிற பாட்டு எத்தனை இருக்கிறது? சந்தோஷமும் ஸ்தோத்திரமும் மட்டும் பாடுகிற சபையில், பிள்ளையைக் கடலில் விட்ட தாய் எந்தப் பாட்டில் வாயைத் திறப்பார்?

தமிழ்க் கத்தோலிக்கரிடம் வியாகுலப் பிரசங்கம் இருக்கிறது. கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து, 1742இல் இங்கேயே இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதியது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டு, மறைந்து மறைந்து பூசை செய்த காலத்தில் வாழ்ந்த குருவானவர் அவர். தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இழுத்துப் பாடும் குரலில் அதை வாசிப்பதைக் கேட்டிருக்கிறீர்கள். மாதாவின் துக்கத்தைப் பாடப் பாட, தன் துக்கத்தையும் சேர்த்து அழுதுகொள்வார்கள் பெண்கள். யாரும் அவர்களைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவதில்லை, “யோசிக்காதேங்கோ” என்று சொல்வதுமில்லை. அழுவதற்கு என்றே ஒதுக்கிய நேரம் அது. இயேசுவின் பாடுகளைப் பாடும் பசாமும் அப்படித்தான். இதைப் பழைய கிழவிகளின் வழக்கம் என்று ஒதுக்கிய பங்குகள் திரும்ப எடுக்க வேண்டும். இந்த மரபு இல்லாத சபைகள் சங்கீதங்களிலிருந்து தொடங்கலாம். மனவடுவுக்கு உதவ ஆபிரிக்கத் திருச்சபைத் தலைவர்களோடு சேர்ந்து உருவாக்கி, 2004இல் நைரோபியில் அச்சிட்ட ஒரு பாடநூல் இன்று பல மொழிகளில் பயன்படுகிறது. அதில் முக்கியமான ஒரு பயிற்சி, ஒவ்வொருவரும் தன் தாய்மொழியில் தன் சொந்தப் புலம்பலைத் தானே எழுதுவது. ஒப்பாரி பாடிப் பழகிய நம் சனங்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அனுமதி கொடுத்தால் போதும்.

அழுவதற்கு ஒரு நாள்கூட இல்லாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் தோன்றி, வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கணக்குக் கேட்டார். அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களை வைத்தே அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தாய்மார் பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கினார்கள். பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள்.

நவம்பர் 2, மரித்தோர் நினைவு நாள். பங்கு மக்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிப் பெட்டியில் போடுவது வழக்கம். ஓர் ஆலயத்தில் ஒரு தாய் மகனின் பெயரை எழுதிய துண்டை நாலாய் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தார். பெட்டி வரை வந்தவர் போடவில்லை. பக்கத்தில் நின்ற இளைஞனிடம், “வேற பெட்டி ஏதும் இருக்கா தம்பி?” என்று கேட்டார். அவன் விளங்காமல் பார்த்தான். அவர் துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய் இருந்துவிட்டார். பெட்டியில் போட்டால் மகன் செத்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். போடாவிட்டால் ஆலயத்தில் அவனுக்கு ஒரு ஜெபமும் இல்லை.

போலின் போஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தவர். இப்படிப்பட்ட இழப்புக்கு முடிவு தேடச் சொல்லி அந்தக் குடும்பங்களை நெருக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான கருத்து. இருக்கிறான் என்பதையும் இல்லை என்பதையும் ஒன்றாகச் சுமந்து வாழக் கற்றுக்கொள்ளத்தான் அவர்களுக்குத் துணை வேண்டும். அந்தத் தாய் கேட்ட வேறு பெட்டியை வைப்பது திருச்சபைக்கு முடியாத காரியமா? ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச நாள். அன்றைக்கோ, அதற்கு அடுத்த ஞாயிறோ, இறந்தவர் என்றும் சொல்லாமல் இருப்பவர் என்றும் சொல்லாமல், பெயரை மட்டும் வாசித்து ஜெபிக்க ஒரு வழிபாட்டு ஒழுங்கை நாமே எழுதலாம். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் ரிஸ்பாள் என்ற தாய் இருக்கிறாள். கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் தொடாதபடி, அறுவடைக் காலம் தொடங்கி மழை பெய்யும் வரை பாறையில் இரட்டு விரித்துக் காவல் இருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாகவும் வேதத்தில் இல்லை. அவள் இருந்த இருப்பே அரசனின் காதுக்குப் போய், எலும்புகள் அடக்கம் செய்யப்பட்டன. கிளிநொச்சித் தாய்மாரைப் பற்றி ஒரு ஞாயிறு பிரசங்கிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேதபாகம் எனக்குத் தெரியாது.

மன்னிப்பைப் பற்றிக் கேட்பீர்கள். சீயோன் சபையின் போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசியது உலகமெங்கும் செய்தியானது. அந்த விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவர் தன் உள்ளத்திலிருந்து கொடுக்கிற மன்னிப்பை இன்னொருவரிடம் கடனைப்போல வசூலிக்க எவருக்கும் உரிமையில்லை. மன்னிப்பு நீதிக்கு மாற்றும் அல்ல. கர்தினால் மல்கம் ரஞ்சித் தாக்கியவர்களை மன்னித்ததாகச் சொன்னவர். அவரே வருடக்கணக்காக உண்மையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 2023 ஜனவரி 12இல் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் மனுதாரர்களில் குருக்களும் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டால் அவர் மன்னிக்கவில்லை என்று முகம் சுளிக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் காயம் பிறரை வெறுக்கும் உரிமையையும் நமக்குத் தருவதில்லை. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் தமிழர்கள். வழிபாட்டு இடத்தில் பிள்ளையை இழந்த தாயின் வலி என்னவென்று சீயோனுக்கும் தெரியும், காத்தான்குடிக்கும் தெரியும். 1996இல் இந்த நகரத்தில் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக விளையாடினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். ஒரு நாள் பட்டறையோடு அனுப்பிவிடாமல், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அழைத்து வந்தார்கள். அடிகளாருக்குக் காலத்தின் அருமை தெரிந்திருந்தது.

வருடாந்தங்களைப் பற்றி ஒரு நடைமுறை விஷயம். சீயோனிலும் கட்டுவாப்பிட்டியவிலும் உறவுகளை இழந்தவர்களுக்கு வருடத்தில் இரண்டு முறை அந்த நாள் வருகிறது: ஏப்ரல் 21 ஒன்று, உயிர்த்த ஞாயிறு ஒன்று. உயிர்த்த ஞாயிறு ஒரு திகதியில் நிற்பதில்லை. 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. 2030இல் இரண்டும் ஒரே நாளில் வருகிறது. அந்த வருடத்துக்கான ஆயத்தத்தை இப்போதே யோசிக்க வேண்டும். ஆலயம் மலர்களோடும் வெள்ளை உடுப்போடும் அல்லேலூயா பாடுகிற அந்தக் காலையில், வர முடியாதவர்களுக்கு முதல் நாள் மாலையில் விளக்கில்லாத, பாட்டில்லாத ஒரு சிறிய வழிபாடு இருக்கட்டும். திடீர்ச் சத்தங்களையும் தவிருங்கள்: ஒலிபெருக்கியைச் சோதிப்பதைச் சனம் வருவதற்கு முன்பே முடியுங்கள். நத்தாருக்கு ஆலய வளவில் வெடி கொளுத்துவதை நிறுத்துங்கள். தலையில் கை வைத்து ஜெபிக்கும் முன், “கை வைக்கலாமா?” என்று கேளுங்கள்.

நமக்கு முடியாதவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். திடீரென விறைத்துப்போவதும், வேறு குரலில் கத்துவதும், எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பதும் மனவடுவின் அறிகுறிகளாக இருக்கலாம். அதைப் பிசாசு என்று சொல்லிப் பிடித்து அமுக்கி இரவெல்லாம் கத்தி ஜெபிக்கிறோம். சித்திரவதை பட்ட உடம்பை நாலு பேர் சேர்ந்து அமுக்கினால் அந்த உடம்புக்கு எது திரும்ப நடப்பதாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மருந்து குடிப்பது விசுவாசக் குறைவு அல்ல என்று பீடத்திலிருந்தே சொல்லுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண் உங்களிடம் வந்தால், கணவனையும் கூப்பிட்டு இருத்தி ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள். அன்று இரவு அவர் எங்கே படுப்பார் என்பதுதான் முதல் கேள்வி. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை தர முடியும். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. காயப்படுத்தியவர் குருவாகவோ, போதகராகவோ, ஞாயிறு பாடசாலை ஆசிரியராகவோ இருந்தால், சபையின் பெயர் கெடும் என்று ஒரு மணிநேரமும் தாமதிக்க நமக்கு நியாயமில்லை. வேதாகமத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான தாமாருக்கு நடந்ததை அறிந்த அவள் அண்ணன் அப்சலோம் அவளிடம் வாயை மூடச் சொன்னான். அவள் பாழடைந்தவளாய் அவன் வீட்டிலேயே கிடந்தாள். நம் வீடுகளிலும் அப்படிக் கிடப்பவர்கள் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில், குருக்களும் துறவியரும் இத்தகைய முறைகேட்டை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டியது கடமை என்று சட்டமாக்கினார். பொலிசுக்குப் போவது அதோடு சேர்ந்த கடமை.

கடைசியாக உங்களைப் பற்றி. இந்தப் பகுதியில் வேலை செய்த இயேசுசபைக் குரு யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15இல் காணாமல்போனார். அல்லைப்பிட்டியிலிருந்து ஜிம் பிரவுன் அடிகளார் 2006 ஆகஸ்ட் 20இல் காணாமல்போனார். பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போனவர் திரும்பவில்லை. அவர்களோடு படித்த, ஒன்றாகச் சாப்பிட்ட குருக்கள் அடுத்த ஞாயிறும் பூசை வைத்தார்கள், பிறருக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர்களிடம் “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் சுவாமி?” என்று உட்கார்ந்து கேட்டவர்கள் மிகக் குறைவு. குருவானவர் அழக் கூடாது, போதகர் சோரக் கூடாது என்று சனம் எதிர்பார்க்கிறது. நீங்களும் அதை ஒத்துக்கொண்டுவிடுகிறீர்கள். ஒவ்வொரு மாதமும் சபை வேறுபாடு பாராமல் நாலைந்து பேர் சந்தித்து, நிர்வாகம் பேசாமல், தாங்கள் கேட்டு வந்த துயரங்கள் தங்களுக்குள் என்ன செய்கின்றன என்பதை மட்டும் பேசுகிற ஒரு குழுவை இந்த நகரத்தில் தொடங்க வேண்டும் என்று கேட்கிறேன். முதல் கூட்டத்துக்கு வர விரும்புகிறவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.